குழி முடிகிற இடம்

அஸ்தினாபுரம் மெயின் ரோட்டில் நிற்கிற கல்யாண மண்டபம் நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கிற மூன்று மாடி வீடும் நான் கட்டியதுதான். சிட்லபாக்கத்தில் பாதித் தெருவுக்கு அஸ்திவாரக் கல் என் டிராக்டரில் போனது. அந்த ஒற்றை டிராக்டரில் தொடங்கி ஒன்பது தண்ணீர் லாரி வரைக்கும் ஓட்டினேன். அம்மன் கோயிலுக்கு முன்மண்டபம், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுக்குக் கொட்டகை, எல்லாம் என் கை பட்டது. இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வயதில் நன்மங்கலம் காட்டோரத்துக் கல்குவாரியில் ஜல்லி உடைக்க உட்கார்ந்தேன். அப்பன் விட்டுப் போனது ஒரு சுத்தியல். அதற்கும் பிடி கிடையாது. அன்றைக்கு யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று இன்று ஒருவர் சொன்னால் என் முன்னால் நின்று சொல்லட்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் எழுதப்போகிற மனிதர் எதையுமே கட்டியதில்லை. செங்கல் மேல் செங்கல் வைத்தவர் இல்லை. நடந்தார், கேட்டார், எழுதினார். ஆனால் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து, "ஐயா, நம்ம ஏரிப் பூங்கா ஆண்டு மலருக்கு, பூங்கா உருவான கதைய நீங்கதான் எழுதித் தரணும்" என்று கேட்டபோது, அந்த மனிதரை விட்டுவிட்டு அந்தக் கதையை எழுத வழி இல்லை என்று தெரிந்துவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கே அது பிடிக்காது. தெருவில் அவரை நிமிஷ சார் என்பார்கள். அந்தப் பெயரே போதும்.

வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு வாங்கிக் குடி வந்தவர். கரி வெட்டுகிற வேலை இல்லை. கரி தீர்ந்து கைவிட்ட குழிகளை ஏரியாக்கலாமா, தோட்டமாக்கலாமா, ஆக்கினால் சுற்று வட்டாரத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை. அதற்கும் ஒரு சம்பளம் உண்டா என்று எனக்கு ஆச்சரியம்.

நான் ஜல்லி உடைத்த குவாரியை மூடி வெகு காலம் ஆகிவிட்டது. மழைத் தண்ணீர் தேங்கி அது ஒரு பெரிய குளம் மாதிரி நின்றது. அதைத்தான் ஏரிப் பூங்கா ஆக்குவதாக முடிவு. சுற்றி நடைபாதை, படகு, ஓரமாகப் பம்ப் அறை. தண்ணீரைச் சுத்தம் செய்து சுற்றியுள்ள காலனிகளுக்குக் குழாயில் விடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். சங்கம் நிமிஷ சாரைக் கேட்டது. அவர், "குழிய உள்ளேயிருந்து தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்" என்றார். அப்படி உயிரோடு இருந்தது நான் ஒருவன்தான்.

வந்தார். ஒல்லி. துணித் தொப்பி. சட்டைப் பையில் இரண்டு பென்சில். கையில் குடை, அது மழைக்கும் இல்லை வெயிலுக்கும் இல்லை, சுட்டிக்காட்ட. குவாரி மேட்டில் என்னை நிறுத்தி முதல் கேள்வி கேட்டார்.

"குழி எங்க முடியுதுன்னு காட்டுங்க."

"தோ, கம்பி வேலி போட்டுகீதே, அங்கதான் சார்."

"அது வேலி முடியுற எடம். குழி எங்க முடியுது?"

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். "இன்னா சார் பேஜார் பண்றீங்க. வேலிக்கு அந்தாண்ட ரோடு. ரோட்டுக்கு அந்தாண்ட வூடு. குழி இன்னா வூட்டுக்குள்ளயா கீது?"

"இருக்கலாம்" என்றார். "போய்ப் பாத்துடலாம் வாங்க."

அன்று தொடங்கியது. ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமைதோறும், அவர் ஸ்கூட்டரின் பின்னால் நான். ஒன்பது லாரி வைத்திருந்தவன், கல்லாவில் உட்கார்ந்து நாலு பேரை அதட்டிக்கொண்டிருந்தவன், இந்த மனிதருக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏன் போனேன் என்று என் மனைவி கேட்டாள். அந்தக் குழியைப் பற்றி என்னை உட்கார வைத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. "அம்மா, உங்க மேல் டேங்க் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகுது?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு புரிந்தது. நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. போர் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், கயிறு விட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் தன் வீட்டு டேங்க் நிரம்புகிற நேரம் தெரியாத பெண்பிள்ளை தாம்பரம் வட்டாரத்தில் ஒருத்தி கிடையாது. டேங்க் எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வார். நீர்மட்டம் இறங்க இறங்க டேங்க் நிரம்புகிற நேரம் கூடும். அதை வைத்து, பூமிக்குள் தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மேப்பில் பென்சில் புள்ளி வைப்பார்.

ஒரு வீட்டில் அந்த அம்மா சொன்னாள்: "முன்னாடிலாம் குக்கர் ரெண்டு விசில் வர்றதுக்குள்ள நிரம்பி வழியும் சார். இப்ப சாம்பார் கொதிச்சு எறக்கினாகூட பாதிதான்."

"விசில் நிமிஷம் ஆகாதும்மா. வாட்ச் பாத்து சொல்லுங்க."

"சுமாரா ஒரு அரை மணி..."

"சுமார்னு ஒரு நம்பர் இல்லம்மா. நாளைக்கு மோட்டார் போடும்போது பாத்து வைங்க. அடுத்த ஞாயிறு வரேன்."

வந்தார். மறுபடி போய் நின்றார். அதுதான் அவர். கோவிலம்பாக்கம் ரோட்டில் ஓர் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் மறித்தான். "மோட்டார் கம்பெனியா? உள்ள விடக் கூடாதுன்னு செகரெட்டரி சொல்லிகீறாரு." நிமிஷ சார் அவனிடமே கேட்டார்: "மோட்டார் நீங்கதான போடறீங்க? எத்தனை நிமிஷம்?" அந்த வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஐந்து வருஷக் கதையைச் சொன்னான். அவனையும் யாரும் அதுவரை எதுவும் கேட்டதில்லை போலிருக்கிறது.

தண்ணீர் மட்டும் இல்லை. குவாரித் தண்ணீரில் துணி துவைக்கிறவர்கள் எத்தனை குடும்பம், வேலி போட்டால் எங்கே போவார்கள். மேட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் யார். பூங்கா வந்தால் எந்தத் தெருவில் வாடகை ஏறும், ஏறினால் யார் காலி செய்ய நேரும். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரனுக்குக் கூட்டம் கூடுமா, அல்லது பூங்காவுக்குள்ளேயே கேன்டீன் வைத்து அவனைக் கவிழ்ப்பார்களா. எல்லாம் நோட்டில் ஏறியது. ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, "குழாய்ல தண்ணி வந்தா உங்க ஒன்பது லாரியும் நிக்கும். அதையும் எழுதணும்" என்றார். நான் சம்பாதித்ததைப் பேசியவர்கள் உண்டு. நான் இழக்கப்போவதை எழுதியவர் யாரும் இல்லை.

நோட்டை எட்டிப் பார்த்தேன். 'நாலாம் கிணறு: லாரி ஒன்பது நிற்கும்' என்று இருந்தது.

"நாலாம் கெணறுன்னா யாரு சார்?"

"நீங்க. உங்க வீடு நாலாவதா பாத்தது."

"என் பேரு ஏழுமலை சார்."

"தெரியும்."

"எழுதலியே."

"ஆள் பேர் எழுத மாட்டேன். கிணத்துக்கு நம்பர், அவ்ளோதான். என் வீடுதான் ஒண்ணாம் கிணறு, பாருங்க."

பார்த்தேன். 'ஒன்றாம் கிணறு: பூங்கா வந்தால் லாபம். நீர் ஏறும், மனை விலை ஏறும்' என்று தன் வீட்டைப் பற்றித் தானே எழுதி வைத்திருந்தார். தனக்கு லாபம் என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறவனை நான் பார்த்ததில்லை. நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஏன் இப்படி அலைகிறார் என்று ஒரே ஒரு முறை சொன்னார். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் போண்டா எண்ணெயைப் பேப்பரில் ஒற்றிக்கொண்டே சொன்னார்.

"வடக்கே ஒரு குழி. கரி தீந்துடுச்சு. தண்ணி நிரப்பி ஏரி ஆக்கினோம். படகு விட்டோம். பக்கத்துல மண்மேடு இருந்தது, அது மேல புல்லு நட்டுத் தோட்டம் போட்டோம். ரிப்போர்ட் நான்தான் எழுதினேன். ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதினேன்."

"நல்லாதான சார் கீது."

"வேலி வரைக்கும் நல்லா இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். நடுவுல ஓடை, ஜீப் போகாது. அதனால நான் போகல. அந்த மண்மேட்டுல கரித்துண்டு பொறுக்கித்தான் அந்த ஊரே அடுப்பு எரிச்சிருக்கு. மிச்சத்தை சைக்கிள்ல வெச்சு வித்திருக்கு. நாங்க அதுக்கு மேல புல்லு நட்டுட்டோம்."

"அப்பால எப்டி தெரிஞ்சுது?"

"ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தாங்க. சண்டை போடல. கரி பொறுக்குற கூடைய என் மேசை மேல வெச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

"கூடைய இன்னா பண்ணீங்க?"

"வீட்டுல இருக்கு."

இருந்தது. அவர் வீட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை, உள்ளே கருப்பேறி, காலியாக. ஒரு தடவை அவர் மனைவி அதில் வெங்காயம் போட்டு வைத்து, அதற்காக இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லாமல் போனதாம். "காலிக் கூடைக்கு இருக்குற மரியாத எனக்கில்ல" என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார்.

இனி வருவது எனக்கு எழுதப் பிடிக்காத பகுதி.

குவாரிக்குக் கிழக்கே, கோவிலம்பாக்கம் பக்கமாக இறங்குகிற நாலு தெரு இருக்கிறது. பள்ளமான இடம், சின்னச் சின்ன வீடுகள். காலனிக்காரர்கள் அங்கே போக வேலை இல்லை. ரிப்போர்ட் கேட்டவர்களும் அந்தத் தெருக்களைக் கேட்கவில்லை. நிமிஷ சார் போனார். அங்கே ஒரு வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஓர் அம்மா. வாசலில் உறை இறக்கிய பழைய கிணறு, உள்ளே வறண்டு பிளாஸ்டிக் பை கிடந்தது. அந்தம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டது.

"நீ லாரிக்கார அண்ணாதான? உன் தண்ணில ஆட்டினா மாவு மத்தியானத்துக்குள்ள புளிச்சிப் பூடுதுண்ணா. எங்கெணத்து தண்ணில ஆட்டின மாவு மறுநா வரிக்கும் அசையாம நிக்கும். மேடவாக்கத்துல இருந்து வந்து வாங்கிகினு போவாங்க. இப்ப தெருவுல கீறவங்களே கடைல பாக்கெட் வாங்கறாங்க."

"கிணறு எந்த வருஷம்மா வத்துச்சு?" என்று கேட்டார் நிமிஷ சார்.

"எம்பொண்ணு பத்தாவது பரீட்ச எழுதின வருசம் சார். அந்த வருசம் மழ நல்லாதான் பேஞ்சுது. எல்லாரு கெணறும் ஏறுச்சு. இந்த நாலு தெருவுல மட்டும் ஏறவே இல்ல."

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். ஒரு வீட்டில் மகன் கல்யாணம் ஆன வருஷம், ஒரு வீட்டில் மாமனார் செத்த வருஷம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒரே வருஷம். கால்வாய்ச் சுவர் மேல் உட்கார்ந்து மேப்பை விரித்தார். புள்ளிகள் குவாரியின் கிழக்குச் சுவரிலிருந்து நேர்க்கோடாக அந்த மாவுக்காரம்மா வீடு வரைக்கும் போயிருந்தன.

"குழி இங்க முடியுது" என்றார், கடைசிப் புள்ளியைத் தொட்டு. பிறகு என்னைப் பார்த்தார். "ஏழுமலை, அந்த வருஷம் குழிக்குள்ள என்ன நடந்தது?"

எனக்குத் தெரியும். அந்த வருஷம்தான் நான் ஐந்தாவது லாரி வாங்கினேன். லாரிக்குத் தண்ணீர் குவாரியிலிருந்துதான். ஆனால் குவாரி தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை. மழை முடிந்து மூன்றே மாதத்தில் இறங்கிவிடும். ஏன் என்று இன்ஜினியர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் அந்தச் சுவரில் துளை போட்டவன். பாறையை வெடிக்கிற தோட்டாவை வைக்கும் முன் கல்லைத் தடவிப் பார்ப்போம், எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே கல் வேர்த்திருக்கும், காதை வைத்தால் குளிர்ந்த காற்று வரும். அந்த வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடையில் குழி வற்றியபோது ஆறு ஆட்களோடு இறங்கினேன். களிமண், சாக்கு, சிமெண்ட். ஐந்து நாள். அடைத்துவிட்டேன். அடுத்த கோடையில் குழி வற்றவில்லை. அதற்கடுத்த கோடையிலும் வற்றவில்லை. ஊரே, மழை நல்ல மழை என்றது.

அதை அவரிடம் சொன்னபோது நான் வெட்கப்படவில்லை. மார் தட்டித்தான் சொன்னேன். "நான்தான் சார் அடைச்சேன். பிளான் கெடையாது, இன்ஜினியர் கெடையாது. இன்னிக்கு நீங்க ஏரி ஏரின்னு சொல்றீங்களே, அது ஏரியா நின்னுகினு கீதுன்னா அது என்னாலதான்."

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "நீளம் எவ்வளவு? அகலம்? எந்த மட்டத்துல?" என்று கேட்டு வரிசையாக எழுதிக்கொண்டார். கல்லுக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். எழுதி முடித்துப் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

"அடைச்சது ஏழுமலைன்னு எழுதுங்க சார்" என்றேன். அந்த நிமிஷத்தில் உண்மையாகவே அப்படி எழுத வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

"பேர் போட்டா எல்லாரும் உங்களப் பாப்பாங்க. வெடிப்ப யாரும் பாக்க மாட்டாங்க."

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை. பம்ப் அறை கட்டும் முன்பு அந்த வெடிப்பைத் திறந்து ஒரு குழாயும் ஒரு வால்வும் வைக்க வேண்டும். கிழக்கே நாலு தெருவுக்கு அவர்கள் பங்கு பூமி வழியாகப் போன பிறகு மீதியைக் காலனிகளுக்கு எடுக்கலாம். ஒரு குழாய், ஒரு வால்வு.

ரிப்போர்ட்டை ஏற்பதற்கான கூட்டம் என் மண்டபத்தில்தான் நடந்தது. வாடகை வாங்கவில்லை. மேடையில் அதிகாரி, சங்கத்துத் தலைவர், நிமிஷ சார். நான் முதல் வரிசை. அன்று காலையில்தான் செயலாளர் ஒரு பட்டியலைக் காட்டியிருந்தார். பூங்கா வாசலில் வைக்கிற கருங்கல் பெஞ்சுகள் பத்தும் என் உபயம். ஒவ்வொன்றிலும் என் பெயர் செதுக்கப்படும். மாவுக்காரம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் பின்னால் கதவோரம் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு வெடிப்பு உண்டு என்று தெரியும். அடைத்தது யார் என்று தெரியாது.

அதிகாரி ரிப்போர்ட்டைப் புரட்டினார். "சார், எல்லா பக்கமும் எக்ஸலெண்ட். இந்தக் கடைசி பக்கம் மட்டும் ஏத்துக்க முடியல. சுவத்துல வெடிப்பு இருந்தது, அத அடைச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. இப்ப அது தண்ணிக்குள்ள இருக்கு. ரெக்கார்டு எதுவும் இல்ல. யார் பாத்தது?"

"பாத்தவங்க இருக்காங்க" என்றார் நிமிஷ சார்.

"அதான் சார், யாரு?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டைப் பார்த்தார். "நாலாம் கிணறு" என்றார்.

மண்டபம் சிரித்தது. யாரோ ஒருவர், "கெணறு வந்து சாட்சி சொல்லுமா சார்?" என்று கேட்டார். கை தட்டினார்கள்.

நானும் சிரித்தேன். எழுதிவிட்டேன். பல் தெரியச் சிரித்தேன்.

கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டார்கள். பூங்கா வந்தது. நன்றாகத்தான் வந்தது. அதை மறுக்க மாட்டேன். காலையில் சிட்லபாக்கம், அஸ்தினாபுரம் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் நடக்கிறார்கள். என் லாரிகளை விற்றேன், அதைப் பற்றியும் புலம்பவில்லை. கிழக்கே நாலு தெருவில் கேன் தண்ணீர். மாவுக்காரம்மா பெரிய கிரைண்டரை விற்றுவிட்டு, சின்னதில் சொந்தக்காரர்களுக்கு மட்டும் அரைக்கிறது.

பூங்கா திறந்து ஒரு வருஷம் கழித்து நிமிஷ சார் என் வீட்டுக்கு வந்தார். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக இருந்தேன். உட்காரவில்லை. நோட்டைத் திறந்தார்.

"உங்க டேங்க் இப்ப எத்தனை நிமிஷம்?"

"முன்ன இருவது. இப்ப பன்னெண்டு."

எழுதிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே. தோ இவன்தான்னு கைய காட்டி இருக்கலாமே."

"நீங்க கை தூக்குவீங்கன்னு காத்துகிட்டு இருந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஐந்தாம் கிணற்றுக்குப் போய்விட்டார்.

அவர் மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. ஓடை தாண்டிப் போகாததற்காக ஆயுசெல்லாம் நடந்த மனிதர். எல்லா வேலியையும் தாண்டினார். ஆள் பெயர் சொல்லக் கூடாது என்று தனக்குத் தானே போட்டுக்கொண்ட அந்த ஒரு வேலியை மட்டும் தாண்டவில்லை. பெயர் போட்டால் வெடிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். பெயர் போடாமல் மட்டும் யார் பார்த்தார்கள்? அவருடைய நேர்மைக்கும் என்னுடைய கோழைத்தனத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வற்றிப் போனது அந்த நாலு தெருதான்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். மனைவி அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். பெங்களூரிலிருந்து மகன் வந்து ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்தான். நோட்டுகள் எங்கே என்று போன் போட்டுக் கேட்டேன். "பழைய பேப்பர்லாம் போட்டுட்டேன் அங்கிள்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, அவன் கண்ணுக்கு அதில் இருந்தது வெறும் நம்பர். குரோம்பேட்டையில் அந்தப் பழைய பேப்பர் கடையைத் தேடிப் பிடித்தேன்.

"நோட்டா? அது அன்னிக்கே லோடு ஏத்தியாச்சு பெரியவரே" என்றான் கடைக்காரன்.

மூங்கில் கூடை மட்டும் மூலையில் இருந்தது. அதில் பழைய போல்ட்டும் நட்டும் போட்டு வைத்திருந்தான். கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்ட மறுநாள் மாவுக்காரம்மா வீட்டுக்குப் போனேன். அடைத்தவன் நான்தான் என்று சொன்னேன். சின்ன கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா அதை நிறுத்தாமலே கேட்டது.

"அந்த கெணறு நீதானாண்ணா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நீயும்தான சிரிச்ச. நான் பாத்தேன்." உளுந்தைத் தள்ளிவிட்டு, "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சிரிச்சாங்களே, அங்க போய் சொல்லு" என்றது.

ஆகவே சங்கத்தாருக்கும், அந்த அதிகாரியின் நாற்காலியில் இன்று யார் இருக்கிறாரோ அவருக்கும் சொல்கிறேன். ரெக்கார்டு இல்லை என்றீர்களே, இதுதான் ரெக்கார்டு. கிழக்குச் சுவரில், பழைய கம்ப்ரசர் வைத்திருந்த சிமெண்ட் மேடைக்கு நேர் கீழே, மேலிருந்து மூன்றாவது படிவெட்டுக்கு, அதாவது பாறையைப் படி மாதிரி வெட்டி விட்ட திட்டுக்கு, அடியில் இருக்கிறது அந்த வெடிப்பு. ஒரு ஆள் மார்பளவு உயரம், கை நுழைகிற அகலம், நாலு ஆள் படுக்கிற நீளம். கோடையில் பம்ப் ஓடித் தண்ணீர் இறங்கும்போது மேல் விளிம்பு தெரியும், சுற்றியுள்ள கல்லைவிட வெளுத்த பூச்சு. என்னோடு இறங்கிய ஆறு பேரில் ஒருவரும் இப்போது இல்லை. எனக்கும் மூட்டு போய்விட்டது, அடுத்த கோடை வரைக்கும் என்னால் அந்தப் படி இறங்க முடியும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை.

பெஞ்சுகளில் இருக்கிற என் பெயரைச் சுரண்டிவிடுங்கள். அதன் மேல் எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், யாரும் படிக்கவில்லை. நிமிஷ சாருக்குக் கல்வெட்டு வேண்டாம். அவர் கேட்க மாட்டார். நான் கேட்பேன். இந்த ஏரி ஏரியாக நிற்பதும், அந்த நாலு தெரு வறண்டு கிடப்பதும் ஒரே கை செய்த வேலை. அந்த வேலையில் என் பங்கை எழுதாமல் இந்தப் பூங்காவின் கதையை அச்சடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. கிழக்குச் சுவருக்கு மேலே, நடக்கிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, பெரிய எழுத்தில் ஒரு கல் வையுங்கள். செலவு என்னுடையது. 'இதன் கீழே உள்ள வெடிப்பை அடைத்தவர் ம. ஏழுமலை' என்று செதுக்குங்கள். அதற்குக் கீழே 'திறந்தவர்' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு வையுங்கள்.